பதில் எழுதும் கைக்கு என்ன விலை?

இடுக்கி மாவட்டம் புத்தடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் சத்தமே இருக்காது. வியாபாரிகள் வரிசையாக மேசைகளின் முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் கைக்கு வரும். அள்ளிப் பார்ப்பார்கள், பருமனையும் பச்சையையும் பார்ப்பார்கள், ஒரு காயைப் பிளந்து மோந்து பார்ப்பார்கள். பிறகு விரல் பொத்தானுக்குப் போகும். திரையில் விலை ஏறும். கொஞ்ச நேரத்தில் லாட் கைமாறிவிடும். மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் இதே முறைதான். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவரும்வரை, மேலே வண்டன்மேட்டிலும் கீழே போடியிலும் வாயால் கூவித்தான் விலை கேட்டார்கள். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டதும் புத்தடித் திரையில்தான். காயை விளைவித்தவரும் வாங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய அவசியமே அங்கு இல்லை.

இயந்திரம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை புத்தடிக்குப் போய்வர வேண்டும். கெடுக்கவில்லை. ஆனால் அங்கே அது ஏன் கெடுக்கவில்லை என்பதை யோசித்தால்தான், அதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் கதை ஏன் வேறாக இருக்கிறது என்று புரியும்.

அந்த மூலை மறையூர். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி ஏறினால் மழை மறைவுப் பகுதியில் கரும்புக் காடு வரும். மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர் சேர்ந்த அஞ்சுநாடு. மதுரைப் பக்கமிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும் தமிழ்க் குடிகளின் நாடு. கரும்புச் சாறைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு ஆறும் முன் கையால் உருட்டிப் போடும் கரும்பழுப்பு உருண்டைதான் மறையூர்ச் சர்க்கரை. உப்புக் கரிப்பு இருக்காது என்பது அதன் பெருமை. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே தொல்லை: போலி. வேறெங்கோ காய்ச்சிய மலிவு வெல்லம் மறையூர்ப் பெயரில் கேரளச் சந்தைகளில் விற்கிறது. கொச்சியில் இருக்கிறவர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் பார்க்கிறார். பழுப்பு உருண்டை, வாழையிலை, பின்னால் மலை. அசலும் அப்படித்தான் இருக்கும், போலியும் அப்படித்தான் இருக்கும். புத்தடியில் வியாபாரி காயை மோந்து பார்த்தாரே, இங்கே எதை மோப்பது?

இந்தச் சிக்கலை வைத்துத்தான் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்காவின் பழைய கார்ச் சந்தை. நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவன் இரண்டுக்கும் நடுவான ஒரு விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க யார் முன்வருவார்? நல்ல வண்டிக்காரர் விலகிக்கொள்வார். மிச்சமிருப்பதில் ஓட்டை வண்டி கூடிவிடும். அதைப் பார்த்து விலை இன்னும் இறங்கும். இருப்பதில் சுமாரான வண்டியும் அடுத்து வெளியேறும். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, சந்தை தானாகவே அழுகிவிடும். இதெல்லாம் அற்ப விஷயம் என்று சொல்லி ஆய்விதழ்கள் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-இல் அதற்குத்தான் நோபல் பரிசு வந்தது.

அகர்லாஃபின் கணக்கை மறையூர் மேல் வைத்துப் பாருங்கள். போலி உருண்டையால் நஷ்டப்படுகிறவர் ஏமாந்து வாங்கியவர் மட்டுமில்லை. கொப்பரை முன் நின்று வெந்தவருக்கு அவருடைய சர்க்கரைக்குரிய விலை கிடைப்பதில்லை. புவிசார் குறியீட்டு முத்திரை ஒரு தடுப்பு. ஆனால் முத்திரையையும் அச்சடிக்கலாம். போலிக்காரனால் அச்சடிக்க முடியாத ஏதாவது ஒன்று வேண்டும்.

உயிரியலில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்துச் சூலனூர் மயில் சரணாலயத்தில் தோகை விரித்த மயிலைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இவ்வளவு பெரிய சுமையை முதுகில் கட்டிக்கொண்டு இது எப்படி நரிக்குத் தப்புகிறது? இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1975-இல் கேள்வியையே விடையாக்கினார். சுமையாக இருப்பதுதான் தோகையின் பயன் என்றார். நோஞ்சான் மயிலால் அந்தத் தோகையைத் தாங்க முடியாது. எனவே தோகையைப் பார்த்துப் பெடை நம்பலாம். செலவு பிடிக்கும் அடையாளமே பொய் சொல்லாத அடையாளம். மயிலுக்கு இது முழுக்கப் பொருந்துமா என்ற சண்டை உயிரியலாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் அடையாளத்தின் மதிப்பு அதன் செலவில் இருக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. பொருளியலிலும் ஏறக்குறைய அதே காலத்தில், 1973-இல், மைக்கேல் ஸ்பென்ஸ் அதையே கல்விச் சான்றிதழ்களை வைத்துச் சொன்னார். அவரும் அகர்லாஃபோடு நோபல் பகிர்ந்தவர்தான்.

சரி, வாட்ஸ்அப்பில் சர்க்கரை விற்பவருக்குத் தோகை எது? படம் இல்லை, படம் இலவசம். கோட் சூட் போட்ட லோகோ இல்லை. அதை மென்பொருள் ஒரு நிமிடத்தில் வரைந்து கொடுக்கும். வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு, அந்தக் கேள்வியைப் படித்து, ஒரு மனிதர் செலவழித்த இரண்டு நிமிடம்தான் தோகை. போலிக்காரன் ஆயிரம் பேருக்கு ஒரே படத்தை அனுப்பலாம். ஆயிரம் பேரிடமும் நேற்றைய மழையில் கரும்பு எப்படிச் சாய்ந்தது, இந்தத் தடவை பாகு ஏன் சற்றே இளகலாக வந்தது என்று பேச அவனுக்குக் கட்டுப்படியாகாது. பல வேளை அவனுக்குத் தெரியவும் தெரியாது.

சின்னக் கைச்செலவுக்குக்கூட மனம் எவ்வளவு இறங்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராண்டி கார்னர் என்ற ஆய்வாளர் ஒரு நீண்ட கேள்விப் படிவத்தை மூன்று விதமாக அனுப்பினார். சும்மா அச்சடித்த கடிதத்தோடு சிலருக்கு. கடிதத்தின் மேலேயே கையால் ஒரு வரி எழுதிச் சிலருக்கு. ஒட்டும் மஞ்சள் சீட்டில் அதே வரியைக் கையால் எழுதி ஒட்டிச் சிலருக்கு. வெறும் கடிதம் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிரப்பி அனுப்பினார்கள். கையெழுத்துக் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். மஞ்சள் சீட்டு பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர். ஒரு துண்டுச் சீட்டு அவ்வளவுதான் செய்தது: யாரோ ஒருவர் எனக்காக மெனக்கெட்டிருக்கிறார் என்று காட்டியது. 2005-இல் வெளிவந்த ஆய்வு இது.

இப்போது இன்னொரு பக்கம். சின்ன வியாபாரிகளின் கைப்பேசிக்கு ஒரு விற்பனைப் பேச்சு ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது: “நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பக்கம் லைக் போடும், பின்தொடரும், கமெண்ட் எழுதும், ஹாய் சொல்பவர் எல்லோருக்கும் நன்றி சொல்லும்.” சஹாவியின் கணக்கில் பார்த்தால் இது தோகையைக் காகிதத்தில் செய்து கட்டிவிடும் வேலை. எல்லா மயிலுக்கும் காகிதத் தோகை கிடைத்த நாளில் பெடை தோகையைப் பார்ப்பதையே விட்டுவிடும். நாமும் விட்டுவிட்டோம். “அருமை! பகிர்வுக்கு நன்றி” என்று முன்பின் தெரியாத ஒருவர் மூன்று பூவோடு எழுதினால் இன்று யார் நின்று படிக்கிறார்கள்?

இந்தத் தளங்களை நடத்தும் கம்பெனிகளுக்கும் இது தெரிந்திருக்கிறது. மூன்றாம் தரப்புச் செயலிகள் போட்ட போலி லைக்குகளையும் பின்தொடர்வுகளையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரில் அறிவித்தது. மொத்தமாகவும் தானியங்கியாகவும் செய்தி அனுப்புவோர் மீது 2019 டிசம்பர் 7 முதல் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று வாட்ஸ்அப் சொன்னது. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் இருக்கும் ஒரு சின்ன விதி. 256 பேரைப் பட்டியலில் சேர்த்து ஒரே தட்டில் செய்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நீங்கள் அவரைச் சேமித்திருந்தால் போதாது. அவர் உங்களைச் சேமித்திருக்க வேண்டும். யாரோ ஒரு பொறியாளர், உறவு என்பதற்கு இவ்வளவு கச்சிதமான அளவுகோலை விதிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். “மறையூர்ச் சர்க்கரை” என்று பெயர் போட்டு உங்கள் எண் எத்தனை வீட்டில் இருக்கிறது? அதுதான் உங்கள் கடையின் அகலம்.

அந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா? இங்கே குரங்குகளிடம் போக வேண்டும்.

நெல்லியாம்பதிச் சோலைமந்தியாகட்டும், தேக்கடிப் படகுத்துறையில் தின்பண்டம் பிடுங்கும் நாட்டுக் குரங்காகட்டும், ஓய்வாக இருக்கும்போது கவனித்தால் ஒன்றின் முடியை இன்னொன்று விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். சுத்தம் செய்வது அதில் ஒரு சிறு பகுதிதான். சில குரங்கினங்கள் பகல்பொழுதில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கே செலவிடுகின்றன. வெறும் பேனுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தடவத் தடவ மூளையில் எண்டார்பின் சுரக்கிறது, இருவருக்கும் இடையே பிணைப்பு இறுகுகிறது, நாளைக்குச் சண்டை வந்தால் பக்கத்தில் நிற்க ஆள் கிடைக்கிறது. இதில் ஒரு கஷ்டம்: ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பேன் பார்க்க முடியும். ஆகவே கூட்டம் பெருத்தால் நேரம் போதாது.

பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் 1992-இல், குரங்கினங்களின் மூளைப் புறணி அளவையும் கூட்டத்தின் அளவையும் பொருத்திப் பார்த்தார். அந்தக் கோட்டை மனித மூளைவரை நீட்டியபோது ஏறத்தாழ 150 என்ற எண் வந்தது. ஒரு மனிதரால் ஆள் ஆளாக நினைவில் வைத்துப் பழகக்கூடியவர்கள் அவ்வளவு பேர் என்றார். மொழி என்பதே கைக்குப் பதில் வாயால் பேன் பார்க்கும் வழி, ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பார்க்கலாம் என்பது அவருடைய அடுத்த வாதம். ஊர்க்கதை பேசுவதை வீண்பொழுது என்று திட்டுபவர்களுக்கு இது நல்ல பதில்.

150 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே கணக்கைப் புதிய முறைகளில் போட்டுப் பார்த்து, விடை மிகப் பரந்த எல்லைக்குள் எங்கும் விழலாம், ஒற்றை எண்ணாகச் சொல்லவே கூடாது என்றார்கள். எண் ஆடலாம், வரம்பு உண்டு என்பது ஆடவில்லை. முகநூல் நண்பர்களைப் பற்றி டன்பார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. நூற்றுக்கணக்கில் நண்பர்களை வைத்திருந்தவர்களிடம், பெரிய நெருக்கடி வந்தால் இவர்களில் யாரிடம் போவீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக நான்கு பேரைத்தான் சொன்னார்கள். பட்டியல் நீளுவதால் அந்த நான்கு நாற்பதாகவில்லை.

அப்படியென்றால் கையால் பதில் எழுதும் வியாபாரி நூற்றைம்பது பேரோடு நின்றுபோக வேண்டியதுதானா? நிற்க வேண்டாம். வியாபாரம் பெருகுவது நெருங்கியவர்கள் வழியாக மட்டும் இல்லை. 1973-இல் வெளிவந்த ஆய்வுக்காக மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இந்த வேலையைப் பற்றிச் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். பெரும்பாலோர் எப்போதாவது பார்ப்பேன் என்றார்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எப்போதாவது பார்ப்பவர் வேறு வட்டத்தில் உழல்பவர், அந்த வட்டத்தின் செய்தி அவரோடு வருகிறது. அரைநூற்றாண்டு கழித்து, 2022-இல், லிங்க்ட்இன் தளத்தில் ஐந்து ஆண்டுகளில் இரண்டு கோடிப் பேரை உட்படுத்திச் செய்த சோதனை இதை உறுதிசெய்து, ஒரு திருத்தமும் சேர்த்தது. அறவே மெலிந்த பழக்கத்தால் அவ்வளவு பயன் இல்லை. ஓரளவு பழக்கம் இருக்க வேண்டும். பெயர் சொன்னால் “ஆமாம், தெரியும்” என்று சொல்லுமளவு.

அந்தத் திருத்தத்தில்தான் சர்க்கரைக்காரருக்கு வேண்டியது இருக்கிறது. கொச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டுக்கு அவரைத் தெரிந்திருந்தால் போதும். அந்த வீட்டுக்காரர் தம் குடியிருப்புக் குழுவில் “இவர் எண் என்னிடம் இருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்வார்” என்று எழுதினால், அந்த ஒரு வரி நாற்பது வீட்டுக்குப் பாலம். இயந்திரம் சேர்த்துக் கொடுத்த பத்தாயிரம் பின்தொடர்வோரில் இந்த வரியை எழுதுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

என்ன பேசுவது என்றும் கேட்கலாம். கேள்வி கேட்பதுதான் நல்லது என்கிறது 2017-இல் ஹார்வர்ட் ஆய்வாளர் கேரன் ஹுவாங்கும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு. உரையாடலில் கேள்வி கேட்பவரை எதிராளிக்குப் பிடிக்கிறது. அதிலும் தொடர்கேள்வி, அதாவது எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கும் அடுத்த கேள்வி, மிகவும் பிடிக்கிறது. காரணம் எளிது. தொடர்கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதலில் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். “பாயசத்துக்கா, நேந்திரங்காய்ச் சர்க்கரை வரட்டிக்கா?” என்று கேட்கும் விற்பனையாளருக்குத் தம் பொருள் தெரிந்திருக்கிறது என்பதும் கூடவே வெளிப்படுகிறது.

இன்று இயந்திரமும் தொடர்கேள்வி கேட்கிறதே என்பீர்கள். கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது. 2023-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே கவனிக்கத்தக்கது. இருவர் இருவராக அரட்டை அடிக்கவிட்டு, செயலி எடுத்துக் கொடுக்கும் தயார்ப் பதில்களைப் பயன்படுத்த அனுமதித்தார்கள். அவற்றைப் பயன்படுத்தியவர்களின் பேச்சு வேகமாகவும் இனிமையாகவும் போனது, எதிராளிக்கும் அவர்களைப் பிடித்தது. ஆனால் இவர் தயார்ப் பதிலைத் தட்டுகிறார் என்று எதிராளி சந்தேகப்பட்ட இடத்தில் மதிப்பு இறங்கியது. இனிப்புக் குறைந்ததால் இறங்கவில்லை. மெனக்கெடவில்லை என்று தோன்றியதால் இறங்கியிருக்கலாம். இயந்திரம் எவ்வளவு நன்றாக எழுதக் கற்றுக்கொள்கிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சந்தேகம் எல்லோர் மேலும் பரவும். கையால் எழுதுபவர்மீதும் விழும். அதனால்தான் இனிமேல் நல்ல தமிழைவிட, நல்ல மலையாளத்தைவிட, அந்த ஊரில் அன்று நின்றவருக்கு மட்டும் தெரிந்த சங்கதிக்கு மதிப்பு கூடும்: காலையில் காட்டுமாடு கரும்பில் இறங்கியது, விறகு நனைந்து கொப்பரை இரண்டு மணிநேரம் தாமதமானது, பக்கத்து ஆலையில் இன்று காய்ச்சவில்லை.

புத்தடி இயந்திரம் ஏன் ஜெயித்தது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். நம்பிக்கை சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மாதிரி கையில் இருக்கிறது. ஏலம் நடத்துபவர் உரிமம் பெற்றவர், வாங்குபவரும் உரிமம் பெற்றவர். பணத்துக்கு விதி இருக்கிறது, விதியை மீறினால் கேட்க வாரியம் இருக்கிறது. மிச்சம் இருப்பது கூட்டல் கழித்தல். அதை மனிதனைவிட இயந்திரம் நன்றாகச் செய்யும். மறையூர்ச் சர்க்கரை, வட்டவடைப் பூண்டு, அட்டப்பாடித் துவரை, முதலமடை மாம்பழம் என்று எதை வாட்ஸ்அப்பில் விற்றாலும், வாங்குபவர் கையில் மாதிரி இல்லை, வாரியமும் இல்லை. அங்கே விற்பவருடைய பேச்சுதான் மாதிரி. மாதிரியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பொட்டலம் கட்டுவதைக் கையில் வைத்துக்கொள்வது தலைகீழ் வேலை.

ஆகவே, விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரசீது, கூரியர் எண், “பணம் வந்தது” என்ற தகவல், விலைப்பட்டியல், இவற்றை எல்லாம் தாராளமாக இயந்திரத்திடம் விடுங்கள். அவற்றில் யாரும் உங்கள் கையைத் தேடுவதில்லை. மிச்சப்பட்ட நேரத்தில், ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பு, போன வருட நோட்டை எடுத்துப் பழைய வாடிக்கையாளர்களில் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர் எத்தனை கிலோ வாங்கினார், என்ன குறை சொன்னார் என்று பார்த்து, அந்தக் குறையைப் பற்றி மட்டும் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே செய்தியாக வேண்டாம். வாழ்த்துப் படமும் வேண்டாம்.